காப்புக் கட்டிய கை

சுகப்பிரியா தாவரவியல் பட்டம் வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எம்.ரெட்டியபட்டிக்கு வாக்கப்பட்டு வந்தபிறகு பருத்தி எடுத்தாள், ஆடு பார்த்தாள். இந்த வருடம் மதுரையில் ஒரு கல்லூரி, படிப்பை விட்டு நாளான பட்டதாரிகளுக்கு ஆய்வகப் படிப்பில் இடம் ஒதுக்கியது. கட்டணமும் விடுதியும் இலவசம். இடம் கிடைத்தால் முளைப்பாரி எடுப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கிடைத்தது.

முளைப்பாரி போடுவது எப்படியென்றால், சட்டியில் வைக்கோலும் காய்ந்த ஆட்டுப் புழுக்கையும் பரப்பி, ஊறவைத்த பயறைத் தூவி, எல்லாச் சட்டிகளையும் வெளிச்சம் புகாத ஒரே அறையில் வைப்பார்கள். எடுக்கிற பெண்களின் கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டுவார்கள். கட்டிவிட்டால், பாரியைக் கண்மாயில் கரைக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஒருத்தி தாண்டினாலும் அத்தனை பேர் சட்டியும் கருகும், மழையும் பொய்க்கும் என்பது ஊரின் நம்பிக்கை.

கல்லூரி திறப்பது அம்மன் கோயில் பொங்கல் முடிந்து, பாரி கரைத்த பிறகுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் தைரியமாகக் கையை நீட்டினாள்.

காப்புக் கட்டிய இரண்டாம் நாள் கல்லூரியிலிருந்து அனுசியா என்ற அலுவலர் பேசினார். திரும்பி வருகிறவர்களுக்குப் பாடம் மறந்திருக்கும் அல்லவா. அவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே பயிற்சி வகுப்பு, வருகிற திங்கட்கிழமை தொடக்கம். அன்று நேரில் வந்து விரல் ரேகை வைக்காதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தெருக்குழாயில் வரிசைக் குடத்தை விட்டு நகர்ந்தால் அடுத்த குடம் முன்னே வருகிற மாதிரிதான். விட்டவர் மறுபடி கேட்கவும் முடியாது.

“உங்களுக்கு உதவியா இருக்கணும்னுதாம்மா இந்த வகுப்பே வச்சோம்” என்றார் அனுசியா. அந்தக் குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

கணவன் விஜயபாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைத்தபடி சொன்னான்: “கயித்த அவுத்து வச்சுட்டு வா. விடியமுன்ன அருப்புக்கோட்டையில பஸ் ஏத்தி விட்டுருதேன்.”

“மழ பெய்யலன்னா யாரச் சொல்லுவாக?”

“போன வருசம் பெய்யல. அப்ப யாரு எல்லை தாண்டுனா?”

“அப்ப சொல்றதுக்கு ஆளு இல்ல. இப்ப நான் இருக்கேன்ல.”

அவன் துடைப்பதை நிறுத்தினான். மாமியார் பெத்தம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. “பத்து வீட்டுச் சட்டி ஒண்ணா இருக்கு தாயீ. நீயே பாத்துக்க” என்றாள்.

திங்கட்கிழமை மதியம் அனுசியாவிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. சட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த சுகப்பிரியா, ஈரக் கையால் எடுத்து, வர முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். காரணத்தைச் சொன்னால் அந்தம்மாவுக்குப் புரியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொங்கலன்று பாரியை வெளியே எடுத்தார்கள். அவளுடையதுதான் எல்லாவற்றிலும் உயரம். இளமஞ்சளாய், முழம் தாண்டி நின்றது. அம்மன் இவளுக்குத்தான் இரங்கியிருக்கிறாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள்.

சுகப்பிரியாவுக்கு அது ஏன் என்று தெரியும். அவள் சட்டி இருந்தது, கதவைத் திறக்கும்போது விழும் வெளிச்சம்கூட எட்டாத உள்மூலை. இருட்டில் கிடக்கிற முளை வெளிச்சத்தைத் தேடித்தேடி, விதையில் இருக்கிற உணவையெல்லாம் தண்டுக்கே செலவழித்து நீளும். தண்டில் பலம் இருக்காது. இலை பச்சை கட்டாது.

கண்மாயில் கணுக்கால் தண்ணீர்தான் கிடந்தது. சட்டியை இறக்கி, முளைகளை வேரோடு பிடுங்கி விட்டாள். அவை மிதக்காமல் சேற்றில் சாய்ந்து கிடந்தன. பூசாரி அரிவாள் நுனியால் காப்பை அறுத்துவிட்டு, இனி எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றார்.