சனிக்கிழமை விருந்தாளிகள்

மூடுபனியில், கம்பிவலைக் கூண்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தாள் உமாமகேஸ்வரி. கையில் கவாத்துக் கத்தரி. பண்ணைக்குக் கிளம்புவதாகச் சொல்லி, வாசல் கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். எட்டு வருஷத்தில் கணவன் சுரேஷ்குமாரிடம் அவள் சொன்ன முதல் பொய்.

கூண்டுக்குள் இரண்டு க்ராப் ஆப்பிள் கன்றுகள் நின்றன. நெல்லிக்காய் அளவில் புளிப்புப் பழம் தரும் குளிர்தேசத்து மரம். டெல்லிக் குளிரில் அது பூக்குமா என்று பார்ப்பதுதான் பழப் பண்ணையில் அவளுக்குக் கொடுத்த மூன்று வருஷ வேலை. பண்ணையில் நட்டதையெல்லாம் நீல்காய் மான் கூட்டம் மேய்ந்துவிட்டது. மிஞ்சிய மூன்றை அனுமதி வாங்கி, மோதி பாக் குவார்ட்டர்ஸில் தன் வீட்டுப் பின்புறம் நட்டாள். வருகிற மார்ச்சில் பூத்தால் வேலை தொடரும். இல்லையென்றால் அவளுடைய மூன்று வருஷமும் ஒரு கோப்புக்குள் போய்விடும்.

மூன்றில் ஒன்றைக் குரங்குகள் டிசம்பரிலேயே முறித்துவிட்டன. கூண்டு அடித்த பிறகும் வந்து வலையை உலுக்கின. சேதமான தேதிகளை நோட்டில் குறித்து வைத்திருந்தவள், முந்தாநாள்தான் காலண்டரோடு ஒப்பிட்டாள். எல்லாமே சனிக்கிழமை, இன்றைப் போலவே. இங்கே அக்கம்பக்கத்தார் குரங்குக்கு வாழைப்பழம் போடுவது செவ்வாய்க்கிழமை. மாடி வீட்டு சர்மாஜிகூட அப்படித்தான், அதுவும் கோயில் வாசலில். ஆஞ்சநேயருக்குச் சனிக்கிழமை என்பது நம் பக்கத்து வழக்கம். இந்த பிளாக்கில் தமிழ் வீடு ஒன்றே ஒன்று.

சுரேஷ்குமாரா? கூண்டுக்குக் கம்பு நட்டுக் கொடுத்தவனே அவன்தானே?

நினைப்பை அடக்கக் கைக்கு வேலை கொடுத்தாள். வேரடியில் முளைத்த போத்துகளை நறுக்கினாள். உள்பக்கமாக வளர்ந்த குச்சியை, வெளியே பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினாள். குட்டையான முடிச்சுக் கிளைகளை மட்டும் தொடவில்லை. பூ வந்தால் அவற்றில்தான் வரும்.

சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் மெல்ல விலகியது. கையில் பையோடு சுரேஷ்குமார் வெளியே வந்தான். மதில்மேல் பனிக்குள் ஏழெட்டு உருவங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன.

"வாங்கய்யா, வாங்க. இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு."

"யாருங்க விருந்தாளி?"

அவன் துள்ளித் திரும்பினான். "உமா! நீ போகலையா?"

அதற்குள் பெரிய கடுவன் மதிலிலிருந்து குதித்தது.

"பையைக் கீழ போடுங்க! ஜல்தி!" என்று கத்தியபடி உமா கூண்டுக் கதவின் கொக்கியைத் தூக்கினாள். பதற்றத்தில் அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூண்டுக்குள் பாய்ந்தான். கொக்கி விழுந்தது.

"இதை எதுக்கு உள்ள கொண்டாந்தீங்க?"

பதில் வருமுன் கூட்டம் முழுவதும் கூண்டின்மேல் இருந்தது. கடுவனின் எடையில் மேல் வலை தொய்ந்து, ஒரு கன்றின் நுனியை அழுத்தியது.

"எத்தனை வாரமா நடக்குது?"

"இது பத்தாவது."

"ஒரு மரம் போனது தெரிஞ்சுமா? நான் அழுதப்ப பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவினீங்களே!"

அவன் தலை குனிந்தான். "அக்டோபர்ல உன் கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்கல்ல. ரிசல்ட் வர்றவரைக்கும் நீ தூங்கின. நான் தூங்கல. நல்லபடியா வந்தா பதினோரு சனிக்கிழமை போடறேன்னு வேண்டிக்கிட்டேன். வேண்டுதல்னாலே நீ எரிஞ்சு விழுவ. பாதியில நிறுத்தவும் பயமா இருந்துச்சு."

அவளும் அந்த ராத்திரிகளில் தூங்கவில்லை. அவன் பயந்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக் கிடந்தாள். இப்போதும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மேலே கடுவன் எம்பி உட்கார்ந்தது. கன்றின் நுனி படீரென்று பிளந்தது. மூலைக் கம்பு சாய ஆரம்பித்தது.

"கம்பு விழுந்தா ரெண்டும் போச்சுங்க."

"கொக்கியைத் தூக்கு. நான் வெளிய போனதும் போட்டுக்க."

"வேணாம், கடிச்சிரும்."

"தூக்கு, உமா."

அவன் ஓடவில்லை. ஒவ்வொரு பழமாக வீசிக்கொண்டே தோட்டத்துப் பின்வாசலை நோக்கி நடந்தான். குரங்குகள் கூண்டை விட்டு இறங்கி அவன் பின்னால் போயின. கடுவனுக்கு ஒவ்வொன்றாகப் போதவில்லை. தாவி அவன் ஸ்வெட்டர் கையைப் பற்றி இழுத்தது.

உமா வெளியே வந்து, கொக்கியை வெளிப்பக்கமிருந்து மாட்டினாள். கிடந்த மூங்கிலை எடுத்துத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தபடி முன்னேறினாள். கடுவன் பல்லைக் காட்டியது. அவள் நிற்கவில்லை.

"பையை விடுங்க! விட்டுத் தொலைங்க!"

விட்டான். பையோடு கடுவன் மதிலேறியது. கூட்டமும் பின்னாலேயே மறைந்தது.

அவன் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டு, முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பல்லும் படல, நகமும் படல. ஸ்வெட்டர்தான் போச்சு."

கூண்டுக்குள், பிளந்த நுனியை அடிவரை தடவிப் பார்த்தாள். அவன் வலைக்கு வெளியே நின்றான்.

"போச்சா?"

"நுனிதான். முடிச்சுக் கிளையெல்லாம் தப்பிச்சிருச்சு." பிளவுக்குக் கீழே சுத்தமாக ஒரே வெட்டு.

"இன்னும் ஒரு வாரம் பாக்கி, உமா. விட்டுட்டா..."

அவள் கத்தரியைத் துடைத்தாள். "அடுத்த சனிக்கிழமை பழம் இல்லைன்னா குரங்குங்க இன்னும் கோபமாத்தான் வரும். இங்க ஆள் வேணும். நீங்க மூங்கிலோட நில்லுங்க."

"அப்ப வேண்டுதல்?"

"கோயில்ல வடைமாலை சாத்தினா ஆஞ்சநேயர் ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்குவார். ஆனா நான் இங்க நின்னா யாரு போறது?"

"நான் போறேன்."

அவன் அவளையே பார்த்தான். "நீயா?"

"எனக்காகத்தானே வேண்டினீங்க?"

"நூத்தியெட்டு வடை சுடணும்."

"நூத்தியெட்டா? குரங்கே தேவலாம்போல!"

அவன்தான் முதலில் சிரித்தான். மதில்மேல் குட்டி ஒன்று மட்டும் திரும்பி வந்து அவனையே பார்த்தது. அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.