வெள்ளையடித்த கல்

லாசல்ஸ் காலையில் எழுந்ததும் சோளமாவுக் கஞ்சியை அடுப்பில் வைப்பான். அது கொதிப்பதற்குள், இரவு வீட்டுக்குள் விழுந்த கற்களைப் பெருக்கி வாளியில் அள்ளுவான். ஜமைக்காவில், ஆற்றங்கரையில் இன்னொருவனோடு பிடிபட்ட அன்று, ஊரே அவன்மேல் எறிந்த கற்கள் அவை. அவன் திரும்பிப் பார்க்காமல் ஓடியதால் ஒன்றும் படவில்லை. படாத கற்கள் பல வருடம் கழித்துக் கடல் தாண்டி, லண்டனில் அவனுடைய மூன்றாம் மாடி வீட்டில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கூரையில் ஓட்டை விழவில்லை. எல்லாம் ஆற்றுக் கற்கள்.

அவனை மணந்த நெவில் பஸ் ஓட்டுநர், பார்படோஸ்காரன். சைக்கிள் தலைக்கவசத்தோடுதான் சாப்பிட உட்காருவான். “உங்க ஊருக்காரனுங்களுக்குக் குறி பத்தாதுடா” என்பான். ஒரு காலை கவசத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தபோது நெற்றிப்பொட்டில் கல் இறங்கியது. மண்டை பிளந்தது. ரத்தம் கஞ்சியில் கலந்தது. லாசல்ஸ் அடுப்பை அணைத்தான். போலீஸார் மேல்வீட்டுக்காரனை விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கல்லுக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தது. லாசல்ஸ் அதைக் கழுவி ஜன்னலில் வைத்தான்.

செத்தவனை வழியனுப்பும் ஒன்பதாம் இரவுச் சடங்குக்கு அவன் அம்மா அயோனி விமானத்தில் வந்தாள். வந்தவர்களிடம், “கூடத் தங்கியிருந்த பையன் செத்துட்டான்” என்றாள். லண்டனில் குடியிருந்த ஊர்க்காரர்கள் பொரித்த மீனும் ரம்மும் முடித்து டோமினோ ஆடினார்கள். முடிதிருத்தும் யூட்டன் கட்டையை மேசையில் அறைந்தான்.

“டேய் பொட்ட, செத்தது புருஷனா பொண்டாட்டியா? சொல்லு, அதுக்குத் தக்கன அழுவோம்.”

லாசல்ஸ் அவனை அறைந்தான். இரண்டு பேர் லாசல்ஸைப் பிடித்துக்கொள்ள, யூட்டன் விலா முறியும்வரை மிதித்தான். அயோனி எழுந்து ஜன்னல் கல்லை எடுத்தாள். தன் முற்றத்தில் பூச்செடிகளைச் சுற்றி அவள் வெள்ளையடித்து அடுக்கிய கற்களில் ஒன்று அது. அன்று ஆற்றங்கரையில் அதை எறிந்த கையும் அவளுடையதுதான். அதை யூட்டனின் வாயில் இறக்கினாள். பற்கள் டோமினோக் கட்டைகளுக்கு நடுவே சிதறின. ஆண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

சடங்குப்படி, விடிவதற்குள் நெவிலின் கட்டிலைத் திருப்பிப் போட வேண்டும். இல்லையென்றால் செத்தவன் அறையை அடையாளம் கண்டு திரும்பி வந்துவிடுவான். பெண்கள் கட்டிலைப் பிடித்தார்கள். கை கழுவிக்கொண்டிருந்த அயோனி தடுத்தாள். பிறகு அவள் ஊருக்கு விமானம் ஏறிவிட்டாள். கற்களும் நின்றபாடில்லை. கட்டிலைப் பிடித்த பெண்களிடம் அவள் அன்று சொன்னது இதுதான்:

“கட்டில அப்படியே விடுங்கடீ. என் மருமவன் வந்தா எங்க படுப்பான்?”