அடிக்குப் பங்கு கேட்ட தெரு

டயர் கடைக்காரன் தன் மனைவியின் இடது கன்னத்தில் அறைந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த பஸ் கண்டக்டரின் கடைவாய்ப் பல் கழன்று டம்ளருக்குள் விழுந்தது. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்த சாயங்காலம். பஸ் கட்டணம் ஏறியதும் அந்த வாரம்தான் என்பதால் தெருவில் பலருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் வாங்கிய அடி இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது அங்கே அதுதான் முதல் முறை.

அறை வாங்கியவளைத் தெருவில் எல்லோரும் லாண்டரி அக்கா என்பார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. ஆஸ்பத்திரிப் போர்வைகளை மூட்டை மூட்டையாக வாங்கி வெளுத்துக் கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும், வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொண்டுவிடும் என்று அங்கே கற்றுக்கொண்டது அவளுக்கு வீட்டிலும் உதவியது. கல்யாணமாகி இரண்டாம் வருஷத்திலேயே தலையணை உறைகளைத் தனியாக ஊறவைக்க ஆரம்பித்துவிட்டாள். சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டாலும் அடி. அவள் சிரித்தால் யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று அடி. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால், என்ன யோசிக்கிறாய் என்று அதற்கும் ஒன்று. அவன் வலது கையில் ஒரு சதுர மோதிரம் போட்டிருந்தான். அதன் விளிம்பு டயர் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும்.

அதே கைதான் தெருவில் எல்லோருக்கும் உதவிய கை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அவன் சும்மாவே பஞ்சர் ஒட்டித் தருவான். நின்றுபோன வண்டியைத் தள்ள முதல் ஆளாக வருவான். மருந்துக் கடைக்காரரின் அப்பா மாரடைப்பில் விழுந்தபோது, மூன்று மாடி அவரை முதுகில் சுமந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தவன் அவன். அவனுக்கு நன்றி சொல்லாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. அந்த நன்றிதான் எல்லோர் வாயிலும் பூட்டுப் போட்டிருந்தது. டயர் கடைக்காரன் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தில் டிவி சத்தம் கூடும், அவ்வளவுதான்.

கண்டக்டர் அப்படியொன்றும் வீரர் இல்லை. பஸ்ஸில் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவார், இறங்கிவிட்டால் நாய் குறுக்கே வந்தாலும் வழிவிட்டு ஒதுங்குவார். பல் விழுந்ததற்குச் சற்று முன்னால்தான், பாத்திரச் சத்தம் தாங்காமல், செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார். டயர் கடைக்காரன் சிரித்த முகத்தோடு வெளியே வந்து அவர் தோளில் கை போட்டான். “குடும்பம்னா நாலும் இருக்கும்ணே. நீங்க போய் டீ குடிங்க.” அவர் திரும்பி வந்து டீ குடிக்க உட்கார்ந்தார். தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் சுவரைப் பார்த்து, “அடுத்ததாவது எனக்கு விழட்டும்டா” என்று வாய்விட்டுச் சொன்னார். விழுந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் அவளுக்குக் கன்னத்தில் தலையணை பட்டதுபோல இருந்தது. அடுத்த அடியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. முகம் மரத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, செத்த இடத்தில் எவ்வளவு அடித்தால் என்ன. காலையில் குழாயடியில் கண்டக்டரைப் பார்த்தாள். அவர் கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது.

“என்னண்ணே இது?”

“ஒண்ணுமில்லம்மா. டிரைவர் சடன் பிரேக் போட்டாரு. கம்பில இடிச்சுக்கிட்டேன்.”

அவளே எத்தனையோ தடவை எடுத்துவிட்ட பொய் அது. கதவு, படி, அலமாரி முனை என்று அவள் இடித்துக்கொள்ளாத பொருள் வீட்டில் பாக்கியில்லை. அதனால் நெருங்கிப் போய்ப் பார்த்தாள். வீக்கத்தின் நடுவே சதுரமாக, விளிம்பில் வெட்டு வெட்டாக ஒரு தடம். குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது.

“இதை நிறுத்துங்கண்ணே.”

“எப்படி நிறுத்துறதுன்னு தெரிஞ்சாத்தானேம்மா” என்றார் அவர், பல் போன வாயால் காற்று ஊத. “வாயைக் குடுத்துட்டேன். அது பாட்டுக்கு வருது.”

விஷயம் கண்டக்டரின் தங்கைக்குத் தெரிந்தபோது அவள் அண்ணனைத் திட்டவில்லை, தெருவைத்தான் திட்டினாள். தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு, பேச்சும் அதே மாதிரிதான். வீடு வீடாகப் போனாள். “இத்தனை வருஷம் காதுல என்ன ஈயத்தையா காய்ச்சி ஊத்தியிருந்தீங்க? என் அண்ணன் ஒத்த ஆளு, அதுவும் ஈர்க்குச்சி. அவரு எவ்வளவு தாங்குவாரு? ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்குங்க.” கண்டக்டருக்கு அடுத்தபடியாகப் பேக்கரிக்கார அம்மா சுவரைப் பார்த்து, எனக்கும் விழட்டும் என்று சொன்னாள். பிறகு சலூன்காரர், பிறகு சலூன்காரரின் மாமியார், மாடியில் குடியிருந்த கண்ணாடி வெட்டுகிறவர், ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள். சிலர் இரக்கத்தில் சொன்னார்கள், சிலர் எதிர்வீடு சொல்லிவிட்டதே என்ற ரோஷத்தில். பேக்கரிக்கார அம்மா மட்டும் ஒரு வேண்டுகோள் வைத்தாள்: “முதுகு வேணாம், நான் மாவு பிசையணும். காலா பாத்துக் குடுங்க.” அப்படியெல்லாம் பிரித்துக் கேட்க முடியாது என்பது அன்று மாலையே தெரிந்துபோனது. முதலில் சொன்னவருக்குத்தான் எப்போதும் பெரிய பங்கு என்பதும் தெரிந்தது.

மருந்துக் கடைக்காரர் மட்டும் மறுத்துவிட்டார். “எங்கப்பாவைத் தூக்கிட்டுப் போனவன்யா அவன். அவனுக்கு எதிரா நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன்.” ஆனால் கடைப்பையனிடம் சொல்லி வீட்டுக்கு வீடு களிம்பும் பஞ்சும் அனுப்பிவைத்தார். காசு வாங்கவில்லை. தெருவும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதன்பின் வந்த மாதங்கள் மோசமானவை. முன்பெல்லாம் அவள் அழுதால் டயர் கடைக்காரன் நிறுத்திக்கொள்வான். இப்போது அவளுக்கு வலிக்கவில்லை, அழுகை வரவில்லை. அடிக்க அடிக்க அவள் மொத்தத் தெருவையும் நினைத்து முகம் வெளிறி நிற்பாளே தவிர, கண்ணில் ஒரு சொட்டு வராது. பொய்யாக அழுதும் பார்த்தாள். அவனுக்கு அசல் அழுகை எதுவென்று நன்றாகத் தெரிந்திருந்தது. “திமிரா?” என்று இன்னும் ஓங்கினான். பெல்ட்டை எடுத்தான், நாற்காலியை எடுத்தான். சலூன்காரரின் கை அதிர்ந்து ஒரு வாடிக்கையாளரின் காது மடலில் கத்தி இறங்கியது. கண்ணாடி வெட்டுகிறவரின் கையிலிருந்து ஆளுயரக் கண்ணாடி நழுவி அவர் பாதத்தைப் பிளந்தது. பேக்கரியில் மாவில் ரத்தம் சொட்டி ஒரு நாள் ரொட்டி முழுவதையும் குப்பையில் கொட்டினார்கள். யாரும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை. வலித்தால் எச்சிலைக் கூட்டி விழுங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். அவள் தெருவில் நடக்கும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், தடம் அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று. அவளோ எல்லோருடைய நடையையும் பார்த்தே எந்த அடி யாருக்குப் போனது என்று கண்டுகொண்டாள்.

கடைசியாக அவன் கடையிலிருந்து டயர் கழற்றுகிற இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தான். பட்டப்பகல். அவள் நெற்றியைக் குறிவைத்து வீசினான். தெருவில் பங்கு கேட்டிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புருவம் கிழிந்தது. கண்டக்டர் அப்போது நெரிசலான பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். இடது கண் உடைந்து கன்னத்தில் வழிந்தது. பஸ் கம்பியைப் பிடித்தபடி நின்று, அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி, இறங்க வேண்டியவர்கள் இறங்கிய பிறகுதான் விழுந்தார் என்று டிரைவர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவள் போய் நின்றபோது அவர் மறு கண்ணால் பார்த்துச் சிரித்தார். “ஒத்தக் கண்ணு போதும்மா. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி மணக்கும் எனக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் படுத்திருந்தது அவள் வெளுத்த போர்வையில்தான். அதன் ஓரத்தைத் திருகிக்கொண்டே, “எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலண்ணே” என்றாள்.

“அதைச் சொல்லிச் சொல்லித்தாம்மா நம்ம தெரு இப்படியாச்சு. வேற ஏதாவது பண்ணு.”

நேராக வீட்டுக்கு வந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கதவை உள்ளே தாழிட்டாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாலு சுவரையும் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “எனக்கு விழுறது எனக்கே விழட்டும். யாரும் வாங்க வேணாம்.”

“யார்கிட்டடி பேசுற?” என்று அவன் எச்சில் கையோடு எழுந்து ஓங்கினான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவளுக்கு வலித்தது. உதடு கிழிந்து வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அது தன்னுடையது என்பதில் அவளுக்கு ஒரு வெறி பிறந்தது. இரண்டாம் முறை ஓங்கிய கையை மணிக்கட்டில் பிடித்தாள். ஈரக் கம்பளிப் போர்வைகளைப் பிழிந்து பிழிந்து ஏறிய கை அவளுடையது. ஒரு கையை மேலே, ஒரு கையைக் கீழே வைத்து முறுக்கினாள். அவன் இடது கையால் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். முறுக்கினாள். முழங்காலால் விலாவில் இடித்தான். உள்ளே ஏதோ மளுக்கென்றது. அவள் முறுக்குவதை நிறுத்தவில்லை.

தெருவில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது, ஆனால் யாருக்கும் வலி வரவில்லை. சலூன்காரர் தன் விலாவைத் தொட்டுப் பார்த்தார். பேக்கரிக்கார அம்மா தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வலியும் இல்லை. அத்தனை மாதங்களில் அவர்கள் அந்த அளவுக்குப் பயந்ததில்லை. “ஐயோ, அவ தனியா வாங்குறாடா!” என்று கண்டக்டரின் தங்கை கத்தினாள். பல வருஷங்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தார்கள். ஓடிப்போய்க் கதவை உடைத்தார்கள்.

உள்ளே அவன் தரையில் கிடந்தான். அவள் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, இன்னும் ஈரம் மிச்சமிருக்கிறது என்பதுபோல, ஒடிந்த கையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சலூன்காரர்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். டயர் கடைக்காரன் எழுந்து உட்கார்ந்து வாசலை நிறைத்து நின்றவர்களைப் பார்த்தான். ஒவ்வொரு முகத்திலும் சதுரத் தடம். சலூன்காரரின் மாமியார் முகத்திலும் இருந்தது.

“என்னய்யா இதெல்லாம்?”

“எல்லாம் நீ போட்டதுதான்” என்றார் கண்ணாடி வெட்டுகிறவர்.

பேக்கரிக்கார அம்மா அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் நீளக் கரண்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதன் காம்பால் அவன் மூக்கில் ஒரே போடு. எலும்பு நொறுங்கி ரத்தம் வாசற்படிவரை தெறித்தது. அந்த வலி முழுவதும் அவனுக்கே வந்தது. யாரும் அதில் பங்கு கேட்கவில்லை. அவனுக்கு அதுவரை அப்படியொரு வலி தெரியாதுபோலிருக்கிறது, சுற்றும் முற்றும் பார்த்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருந்துக் கடைக்காரர் முன்னால் வந்தார், தடம் விழாத ஒரே முகம் அவருடையதுதான்.

“நீ எங்கப்பாவைத் தூக்குனது மறக்கலப்பா. அதனாலதான் உன்மேல கை வைக்கல. கிளம்பிடு. இனிமே வராத.”

அவன் தொங்கிய கையை மறு கையால் ஏந்திக்கொண்டு நடந்து போனான். அதன்பின் மருந்துக் கடைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி, “இவ வலி எனக்கும் விழட்டும்” என்று முணுமுணுத்தார், உடனே விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும் சொன்னார்கள். லாண்டரி அக்காவுக்கு மூச்சு சற்று இலேசாக வந்தது. “வேணாம்னு சொன்னேனே” என்றாள்.

“நீ சொன்னா ஆச்சா? நாங்க கேட்கணுமில்ல” என்றாள் கண்டக்டரின் தங்கை, தன் விலாவைத் தடவிக்கொண்டே.

வழக்கு நடந்தது, விவாகரத்து ஆனது, கடை கைமாறியது. அவன் எங்கோ ஒரு நெடுஞ்சாலையோரம் ஒற்றைக் கையால் காற்றடித்துக்கொண்டிருப்பதாக லாரிக்காரர்கள் சொன்னார்கள். வேறொருத்தி அவனோடு இருக்கிறாளா என்று கண்டக்டரின் தங்கை நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தாள். இல்லை. தெரு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. யாருக்குப் பல் பிடுங்கினாலும் தெருவே தாடையைப் பிடித்துக்கொண்டது. சலூன்காரரின் மாமியாருக்கு மூட்டு வலி வரும் நாட்களில் பிள்ளைகள்கூடப் படியேறும்போது முனகினார்கள். கண்டக்டருக்கு உடைந்த கண்ணை எடுத்த பிறகு மயக்க மருந்து தெளிந்த நாளில், லாண்டரி அக்கா எல்லோருக்கும் முந்திப் பெரிய பங்கைச் சொல்லிவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று கூடத்தில் அவள் மூட்டை தூக்கவில்லை, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு போர்வை மடித்தாள். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் யார் குடிவருவார்கள்?

போன வருஷம் பேக்கரி மாடியில் ஓர் இளம் தம்பதி குடிவந்தது. அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம், தலைப்பிரசவம், துணைக்கு அம்மா இல்லை. ஒரு நாள் முற்பகலில் வலி எடுத்து, வண்டி வருவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. எதிர்வீட்டு நர்ஸ் ஓடினாள். தெருவில் ஒவ்வொருவரும் தத்தம் சுவரைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஆயத்தமானார்கள். சலூன்காரர் கத்தியை மடித்து வைத்தார், பேக்கரியில் அடுப்பை அணைத்தார்கள், மருந்துக் கடையில் பாதி ஷட்டர் இறங்கியது. முதலில் சொன்னவள் லாண்டரி அக்கா. பிள்ளை பெறாதவள். இஸ்திரி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இடுப்பு இரண்டாகப் பிளப்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. யாரும் அடிக்காமல் வந்த வலி அது.

“கெட்டிக்காரி, இவ்வளவு லேசாப் பெத்துட்டியே” என்று மாடியில் நர்ஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொல்வது கேட்டது. புதுத் தகப்பன் தலைகால் புரியாமல் கீழே ஓடிவந்தான். தெரு முழுக்க ஆண்களும் பெண்களும் வாசற்படிகளிலும் கவிழ்த்த வாளிகளிலும் சாய்ந்து, தொப்பலாக நனைந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் பாதையிலேயே மல்லாந்து படுத்திருந்தார்.

“என்னங்க ஆச்சு எல்லாருக்கும்?” என்றான் பயந்துபோய்.

“ஒண்ணுமில்ல தம்பி, வெயிலு” என்றார் கண்டக்டர் எழுந்திருக்காமல். “பொண்ணா, பையனா?”