மூன்று பெட்டி ஆப்பிள்

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். அப்பா இறந்த பிறகு அந்தத் தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை, ராத்திரியெல்லாம் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அந்த ஒன்றுமில்லை என்னவென்று ஒருநாள் அவனே சொன்னான். நகரத்தில் லாரி பட்டறை ஒன்றில் வேலை இருக்கிறதாம், போகிறானாம்.

நான் கத்தினேன். அப்பா விட்டுப்போன தோட்டத்தில் பேரி, ஆப்பிள், ரோஜா, துலிப் என்று இத்தனையையும் ஒரு பொம்பளை தனியாகக் கட்டி மேய்க்க முடியுமா என்று கேட்டேன். கத்தி ஓய்ந்து அழுதும் பார்த்தேன். கடைசியில் இரண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வந்தோம். இந்த வசந்தத்தில் துலிப் பூத்தால் அவன் இருப்பான். பூக்காவிட்டால் போவான், நான் குறுக்கே நிற்கக் கூடாது. தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். எங்கள் துலிப் கிழங்கு எந்த வருஷமும் எங்களை ஏமாற்றியதில்லை என்ற திமிர் எனக்கு.

குளிர் கொஞ்சம் விட்டதும் வேலையை ஆரம்பித்தோம். பேரி மரங்களின் வேண்டாத கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தோம். ரோஜா அடியைக் கொத்தி எரு வைத்தோம். தம்பி முகம் சுளிக்காமல் உழைத்தான், நடுநடுவே சீட்டியும் அடித்தான். அதைவிடப் பெரிய அதிசயம், கவாத்து ஆரம்பித்த அன்றிலிருந்து அவன் தூங்கத் தொடங்கியிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்கும். மனசு நிலைக்கு வந்துவிட்டது, இனி எங்கேயும் போக மாட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருத்தன் குறட்டையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

துலிப் கிழங்கு பார்வைக்கு வெங்காயம் மாதிரி இருக்கும். நடும் வரை குளிர் அறையில் வைத்திருக்க வேண்டும். பூ, மண்ணுக்குப் போன பிறகு உண்டாவதில்லை. அரிசி அளவில் கிழங்குக்குள்ளேயே முன்கூட்டி உட்கார்ந்திருக்கும். அந்த அறைக்குள் பழம் மட்டும் வரக் கூடாது. பழுத்த பழம் பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும் அல்லவா, அதே ஆவி கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் பழத்துக்கு ஒரு கொட்டகை, கிழங்குக்கு ஒரு அறை. பேச்சுவார்த்தை இல்லாத மாமியார் மருமகள் மாதிரி தனித்தனியாக வைத்திருந்தோம்.

நடவு நாளில் கிழங்குத் தட்டுகளை எடுக்கக் குளிர் அறைக்குள் போனேன். கதவைத் திறந்ததும் ஆப்பிள் வாசனை. தட்டுகளுக்குப் பின்னால் சாக்கு போர்த்திய மூன்று பெட்டிகள் இருந்தன. குளிர் தொடங்கியபோது கொட்டகையில் எலித் தொல்லை. "தூங்காமதானே நடக்குற, அந்த எலியையாவது பாரு" என்று நான்தான் அவனைக் கடிந்திருந்தேன். பத்திரமான இடம் என்று இங்கே கொண்டுவந்து வைத்து, அப்படியே மறந்திருக்கிறான்.

கத்தியை எடுத்து ஒரு கிழங்கை நெடுக்காக வெட்டினேன். பச்சையாக இருக்க வேண்டிய மொட்டு, பழுப்பாகச் சுருங்கி நூல் மாதிரி கிடந்தது. வேறு தட்டிலிருந்து எடுத்து வெட்டினேன். எல்லாத் தட்டிலும் அதே கதைதான். இலை வரும், தழைக்கும், பூ வராது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து வெட்டியதையெல்லாம் பொறுக்கி எருக்குழியில் போட்டேன், பெட்டிகளை வீட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய் மறைத்தேன். பனி கெடுத்தது, மண் கெடுத்தது என்று பிறகு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இவன் கை பட்டுக் கெட்டது என்று மட்டும் இவனுக்குத் தெரியக் கூடாது. அதற்குள் வேலை பழகி மனசு மாறி இருந்துவிட மாட்டானா என்ற நப்பாசையும் இருந்தது.

அவன் வாய்க்கால் போல் குழி வெட்டிக்கொண்டு முன்னால் போனான். நான் பின்னால் குந்தியபடி கிழங்குகளை ஒவ்வொன்றாக வைத்தேன். செத்ததை வைக்கிறோம் என்று தெரிந்தும் கை இடைவெளி பார்த்துப் பார்த்துத்தான் வைத்தது. பாதி வரிசையில் அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"அந்த மூணு பெட்டியை எங்கக்கா வெச்ச?"

"எந்தப் பெட்டி?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

"விடுக்கா. நானும் ஒண்ணை வெட்டிப் பாத்துட்டேன். கவாத்து ஆரம்பிச்சோமே, அன்னிக்கு."

"வேணும்னே வெச்சியாடா?"

"இல்லக்கா. எலிக்குப் பயந்துதான் வெச்சேன். அப்புறம் ஞாபகமே இல்ல, கவாத்து அன்னிக்குத்தான் ஞாபகம் வந்து போய்ப் பாத்தேன்."

அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவக்கவில்லை.

"அப்ப ஏன் சொல்லல? முதுகு ஒடிய எதுக்குடா நட்டுக்கிட்டு இருக்க?"

"நீ ஆசையா இருந்த. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வெட்டிப் பாத்ததும் அழுகை வரும்னு நெனச்சேன், வரல. அன்னிக்குப் படுத்தவன் விடிஞ்சுதான் எழுந்தேன். பூக்காதுன்னு தெரிஞ்சப்புறம்தான்க்கா எனக்குத் தூக்கமே வந்துச்சு."

இத்தனை நாள் சுவரில் காதை வைத்து நான் சந்தோஷப்பட்டது அவன் போகப்போகிற நிம்மதியைக் கேட்டு. இலவு காத்த கிளிக்குக்கூடக் கடைசியில் பஞ்சாவது பறந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வெயில் விழும் இடமாகப் பார்த்துச் சாக்கை விரித்துப் படுத்தான். தலை சாய்ந்ததும் குறட்டை வந்தது. வாயைத் திறந்துகொண்டு, பள்ளிக்கூடம் போன நாட்களில் தூங்கியது போலவே தூங்கினான்.

எழுப்பலாம் என்று கிட்டே போனேன். மனசு வரவில்லை. தட்டில் பாதிக் கிழங்கு மீதி இருந்தது, வெட்டிய குழி வாய் திறந்து கிடந்தது. நான் குந்தி உட்கார்ந்து, கூர்முனை மேலே பார்க்க ஒவ்வொன்றாக வைத்து மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போனேன்.