படகுக்கு இரண்டு கையெழுத்து

பள்ளிமுனை யசிந்தாவும் அவளுடைய மச்சாள் அன்ரோனெற்றும் சேர்ந்து ஒரு படகு வாங்கிவிட்டார்கள். அன்ரோனெற் வேறு யாருமில்லை, யசிந்தாவின் தம்பி றொட்னியின் பெண்சாதிதான். ஆறு வருடம் இருவரும் நண்டுச் சதை எடுக்கும் வாடிக் கொட்டகையில் கால் கடுக்க நின்று உழைத்த உழைப்பு அது.

அதைப் பதியப் போன மீன்பிடி அலுவலகத்தில், கிளாக்கர் முனவ்வர் ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டினார். கடைசி வரியில் இரண்டு பெட்டிகள்.

"இதில ஒண்டுக்குப் புள்ளடி போடுங்கோ. ஈதர் எண்டால், ரெண்டு பேரில ஆர் வந்து கையெழுத்து வச்சாலும் காணும், மற்றாள் தேவையில்லை. படகை விக்கலாம், பேர் மாத்தலாம். போத் எண்டால் ரெண்டு பேரும் வந்து வைக்கவேணும்."

யசிந்தா பேனையை எடுத்தாள், புள்ளடி போடவில்லை. றொட்னி போன வருடம்தான் தன் படகு எஞ்சினை விற்றுக் குடித்தவன். அவன் ஓர் அதட்டு அதட்டினால் அன்ரோனெற் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைத்துவிடுவாள். போத்துக்குப் போட்டால் படகு தப்பும். ஆனால் வாய்விட்டுக் கேட்டால், மச்சாள் என்னை நம்பவில்லையே என்று அவள் மனம் முறிந்துபோகுமே! அதுவும், கூடப்பிறந்தவனைப் பற்றி அவன் பெண்சாதியிடமே எப்படிச் சொல்வது?

"என்ன மச்சாள், பேனையைப் பிடிச்சுக்கொண்டு செபமோ சொல்லுறியள்?" என்றாள் அன்ரோனெற்.

"நீ சொல்லன், எதுக்குப் போட?"

அன்ரோனெற் வாசலைப் பார்த்தாள். வெளியே றொட்னி மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றான். குரலைத் தணித்தாள்.

"கோவிக்காதேங்கோ மச்சாள். உங்கட தம்பிதான், எண்டாலும் போத்துக்கே போடுங்கோ. அவர் கத்தினால் நான் தனிய நிண்டுபிடிக்கமாட்டன். மச்சாளும் வந்தால்தான் சரிவரும் எண்டு சொல்ல எனக்கொரு சாட்டு வேணும்."

"சின்ன அலுவலுக்கும் ரெண்டு பேரும் லீவு போட்டு வரவேணும், யோசிச்சுக்கொள்ளுங்கோ," என்றார் முனவ்வர்.

"வாறம் தம்பி. வழியில கதைக்க ஆள் வேணும்தானே," என்று யசிந்தா அழுத்திப் புள்ளடி போட்டாள்.

வெளியே வந்ததும் றொட்னி கேட்டான்: "எல்லாம் முடிஞ்சுதோ? இனி இவள் கையெழுத்து வச்சால் காணும்தானே?"

"காணாது," என்றாள் அன்ரோனெற். "உங்கட அக்காவும் வைக்கவேணும்."

அவன் தமக்கையைப் பார்த்தான். அவள், "ஓம்" என்றாள், அவ்வளவுதான். றொட்னி மோட்டார் சைக்கிளை ஓங்கி உதைத்துக் கிளப்பி, பெண்சாதியையும் ஏற்றாமல் போய்விட்டான்.

"நடப்பம் மச்சாள்," என்றாள் அன்ரோனெற். "நாலு எட்டுத்தானே."