சைரனும் வெள்ளிக்கிழமை விளக்கும்

திண்டிவனத்தில் ஜெகதீசன் வீட்டுக்கு அலாரம் வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அவரிடம் தனியாக மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பேச ஒரு விஷயம் கிடைக்காமல் ரொம்ப நாளாக வாடிப்போயிருந்தார். அடுத்த தெருவில் எவனோ ஒரு வீட்டின் பூட்டை உடைத்தான். இவருக்கு விஷயம் கிடைத்துவிட்டது. மறுநாளே விழுப்புரத்துக்குப் போய், அலாரம் கடை வைத்திருக்கும் தமிழ்மணியைக் கையோடு கூட்டிவந்து வீடு முழுக்க அலாரமும், கூடத்திலும் கேட்டிலும் கேமராவும் ஸ்பீக்கரும் மாட்டிவிட்டார்.

மாட்டியதோடு விட்டாரா? அதன் பாஷையையும் கற்றுக்கொண்டார். கதவு திறந்தால் சொல்வது கான்டாக்ட். ஆள் நடமாடினால் சொல்வது மோஷன் சென்சார். வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு ஜோன். வெளியே புறப்படும்போது அலாரத்தை விழிக்க வைப்பது ஆர்ம், திரும்பி வந்து தூங்க வைப்பது டிஸ்ஆர்ம். கதவைத் திறந்தவர் ரகசிய எண்ணை அழுத்துவதற்கு அரை நிமிட அவகாசம் உண்டே, அதற்குப் பெயர் என்ட்ரி டிலே. அந்த அரை நிமிடம் தாண்டினால் சைரன். பால் ஊற்ற வந்தவர் இத்தனையும் தெரிந்துகொண்டுதான் தெருவை விட்டுப் போக முடிந்தது. அதற்குள் மற்ற வீடுகளில் காப்பிக்குக் காத்திருந்தவர்கள் ஜெகதீசனை வாழ்த்தியிருக்க மாட்டார்கள்.

அவர் மனைவி அம்சவள்ளியும் வெங்காயம் உரித்துக்கொண்டே பாடம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ரகசிய எண்ணை மட்டும் அவளுக்கும் சொல்லவில்லை. ரகசியம் என்றால் ரகசியம்தான் என்றார் ஜெகதீசன். அவளும் அதற்காக ஏங்கிப்போய்விடவில்லை.

இவ்வளவு படித்தவர் ஒரே ஒரு சொல்லை மட்டும் தாண்டிக் குதித்துவிட்டார். அலாரம் மாட்டிய அன்று, கீ ஹோல்டர் யார் என்று தமிழ்மணி கேட்டிருந்தார். அதாவது, சைரன் அடித்தால் ஓடிவந்து பார்க்கக்கூடிய, சாவி கையில் வைத்திருக்கிற நம்பிக்கையான ஆள். ஜெகதீசன் தன் பெயரைச் சொன்னார். நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் வேறு யார் என்று கேட்டதற்கு, தன்னுடைய இன்னொரு செல்போன் எண்ணைச் சொன்னார்.

உண்மையில் அந்த வீட்டுச் சாவிக்கு வேறொரு ஆள் இருந்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னி. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பது அம்சவள்ளியின் உறுதி. ஊருக்குப் போனால் சாவி பொன்னியிடம் போகும். பொன்னி வந்து விளக்கேற்றிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். அம்சவள்ளி ஆபரேஷனுக்காக முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட இந்த வீட்டில் விளக்கு நிற்கவில்லை. ஜெகதீசனுக்குச் சாப்பாடும் நிற்கவில்லை.

அலாரம் வந்த பிறகு அவர்கள் முதன்முதலாக வெளியூர் போனது ஒரு வெள்ளிக்கிழமை. விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. ஜெகதீசன் தன் கடமையாக அலாரத்தை ஆர்ம் செய்தார். அம்சவள்ளி தன் வழக்கப்படி சாவியை மதில் மேலாகப் பொன்னியிடம் நீட்டினாள். இவர் செய்ததை அவள் யோசிக்கவில்லை, அவள் செய்ததை இவர் கேட்கவில்லை.

மண்டபத்தில் முதல் பந்தியிலேயே ஜெகதீசன் உட்கார்ந்துவிட்டார். இலைக்கு முன்னால் இருப்பவர் எழுந்து ஓட முடியாது என்ற தைரியத்தில், பக்கத்திலிருந்தவருக்கு ஜோன் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் செல்போன் அலறியது. திண்டிவனத்து வீட்டில் சைரன். கேமராவில் கூடம் தெரிந்தது. தூறலுக்காக முந்தானையைத் தலைக்குப் போட்ட ஓர் உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஜெகதீசனுக்குச் சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியாத ஒரு துடிப்பு. கூடத்திலும் கேட்டிலும் ஸ்பீக்கர் வைத்தது இதற்குத்தானே. செல்போனை வாயருகே வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏய் திருடி, மாட்டிக்கினியா. அங்கயே நில்லு. தெருவுல யாரு இருக்கீங்க, ஜல்தி வந்து புடிங்க அவள."

எதிர்வரிசையிலிருந்து ஓடிவந்த அம்சவள்ளி திரையைப் பார்த்தாள். "ஐயோ, அது நம்ம பொன்னிங்க. நான்தான் சாவி குடுத்துட்டு வந்தேன்."

அலாரம் இருக்கும்போது சாவி எதற்கு என்று அவர் கத்தினார்.

"திருடன் வந்தா கத்தும்னுதான சொன்னீங்க," என்றாள் அம்சவள்ளி. "பொன்னி இன்னா திருடியா?"

ஜெகதீசன் செல்போனிலேயே சைரனை நிறுத்தினார். பாயசம் அப்படியே இருந்தது.

ஊர் திரும்பியபோது சாவி கேட்டில் தொங்கியது. பொன்னி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தெருவே கூடிக் கேட்டைச் சுற்றி நின்றதையும், பொன்னி தலை குனிந்து வெளியே வந்ததையும் பால்காரர் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். அதன் பிறகு மதில் மேலாகக் குழம்பு வரவில்லை, பேச்சும் வரவில்லை. அம்சவள்ளி சமைத்தாள், பரிமாறினாள்; தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. திருடன் எடுத்துப் போகாததையெல்லாம் அலாரம் எடுத்துப் போய்விட்டது.

ஒருநாள் ஜெகதீசன் அன்றைய கேமராப் பதிவை முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். சைரன் அடித்ததும் பொன்னி துள்ளி விழுகிறாள். காதைப் பொத்திக்கொள்கிறாள். பிறகு அவருடைய குரல் வருகிறது, திருடி என்று. பொன்னி ஓடவில்லை. தீக்குச்சியைக் கிழிக்கிறாள். முதல் குச்சி அணைகிறது, இரண்டாவதும் அணைகிறது. மூன்றாவதில் விளக்கை ஏற்றி, கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே போகிறாள். ஜெகதீசனுக்கு வெட்கமாக இருந்தது. மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டபோதுகூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பொன்னி வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார்.

பொன்னி நிமிரவில்லை. "திருடின்னு சொல்லச்சே தெருவுக்கே கேக்குற மாதிரி மைக்குல சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் ஏண்ணா காதோட சொல்றீங்க?"

அவர் சாவியை முறத்தின் ஓரத்தில் வைத்தார். அவளுக்கென்று தனியாக ஒரு ரகசிய எண் வாங்கித் தருவதாகவும், வரும் வெள்ளிக்கிழமை ஓமந்தூர் போவதாகவும் சொன்னார். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள் பொன்னி.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்மணியைக் கூப்பிட்டு, பொன்னிக்கு ஒரு ரகசிய எண் போடவும், கீ ஹோல்டர் பெயரைப் பொன்னி என்று மாற்றவும் சொன்னார். பொன்னி உங்களுக்கு என்ன உறவு என்று தமிழ்மணி கேட்டார்.

"தங்கச்சின்னு போடுங்க," என்றார் ஜெகதீசன்.

வெள்ளிக்கிழமை அந்த எண்ணைச் சீட்டில் எழுதிப் பொன்னியிடம் சேர்த்துவிட்டு, ஓமந்தூரில் அம்சவள்ளியின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. வந்த காரணம் புரியாமல் அண்ணன் இரண்டு முறை காப்பி கொடுத்தார். பொழுது சாய்ந்தது. செல்போன் சும்மாவே கிடந்தது. அலாரம் வந்த நாளிலிருந்து அந்தத் திரையை ஏறெடுத்தும் பார்க்காத அம்சவள்ளி, கணவனை ஒட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னி வரமாட்டாள் என்று ஜெகதீசன் மெல்லச் சொன்னார்.

அப்போது முன்கதவு திறந்ததாகச் செல்போன் சொன்னது. என்ட்ரி டிலே ஓடியது. அரை நிமிடம் இவ்வளவு நீளம் என்று பால்காரருக்கு இவர் சொல்லித்தரவில்லை. பிறகு திரையில் எழுத்து வந்தது: டிஸ்ஆர்ம் செய்தவர், பொன்னி.

ஜெகதீசன் எழுந்து நின்றார். ஸ்பீக்கரின் சத்தத்தை முழுதாக ஏற்றினார்.

"பொன்னிம்மா, ஜெகதீசன் பேசறேன். அன்னிக்கு உன்னத் திருடின்னு சொன்னது என் தப்பு. தெருவுல இருக்கிறவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. என்ன மன்னிச்சுடும்மா."

கேட்டில் இருந்த கேமராவில் பால்காரர் வண்டியை நிறுத்துவது தெரிந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. உள்ளே பொன்னி திரும்பவில்லை. ஒரே குச்சியில் விளக்கை ஏற்றினாள், கும்பிட்டாள். பிறகுதான் கேமராவை அண்ணாந்து பார்த்தாள்.

"கேட்டுச்சிண்ணா. வெளக்குக்கு எண்ண தீந்து போச்சி, வர்றப்ப வாங்கிக்கினு வாங்க."