வாலில் மினுங்கிய சிவப்பு

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு ஜெபம் பண்ண இடம் பொழுது எதுவும் வேண்டாம். பஸ் கிளம்பினால் ஒரு ஜெபம், வினாத்தாள் கைக்கு வந்தால் ஒரு ஜெபம், பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு ஜெபம். முருகன்குறிச்சி ஸ்வீட்லின் விமானம் ஓட்டப் பழகப் போனபோது ஜெபமும் கூடவே ஏறிக்கொண்டது. ஒவ்வொரு தடவை தரையிறங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி, கொண்டுவந்து சேர்த்ததற்கு ஸ்தோத்திரம் சொல்வாள். நல்ல பழக்கம்தான். யார் இல்லை என்றது?

வல்லநாட்டைத் தாண்டி இருந்த அந்தப் பயிற்சிப் பள்ளியில் அப்போது பறக்கும் நிலையில் இருந்தது ஒரே ஒரு சின்ன விமானம். மறுநாள் காலை அதில் அவள் முதல் தடவையாகத் தனியாகப் பறக்க வேண்டும். பயிற்சியாளர் சத்தியநேசன் சார் நாளை மதியமே ஹைதராபாத் கிளம்புகிறார். அவர் திரும்புவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். நாளை விட்டால் தை மாதம்தான். இந்தக் கவலையில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் கடைசிப் பயிற்சி முடிந்து எஞ்சின் நின்றதும் சாருக்குப் போன் வர, அவர் பேசிக்கொண்டே இறங்கிப் போனார். ஸ்வீட்லின் சாவியைத் திருப்பி அணைத்தாள், கண்ணை மூடினாள். மனசு நிறைந்து கிடந்ததால் ஜெபம் கொஞ்சம் நீண்டது. ஆமென் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்ததென்றுதானே அர்த்தம்? பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பேட்டரியையே துண்டிக்கிற மாஸ்டர் சுவிட்ச் போட்டபடியே கிடந்தது. விடிய விடிய அப்படிக் கிடந்தால் காலையில் செல்ஃப் எடுக்காது.

இதற்கென்றே அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வால் உச்சியிலுள்ள சிவப்பு விளக்கின் சுவிட்சை யாரும் அணைக்கக் கூடாது. மாஸ்டரை அணைத்தால் அதுவும் தானே அணையும். மறந்தால் வாலில் மினுங்கி ஊருக்கே காட்டிக்கொடுக்கும். ஆனால் அதைப் பார்க்க ஒரு கண் வேண்டுமே. எல்லோரும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள்.

கூடப் படிக்கிற மேலப்பாளையம் அஃப்ரா மட்டும் அலுவலக வராந்தாவில் அந்தி மஃரிபு தொழுதுகொண்டிருந்தாள். தொழுகையை முடிக்க வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தபோது, மங்கலில் வால் சிவப்பாக மினுங்கியது. இடப்பக்க ஸலாமையும் நிதானமாகவே கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஓடினாள். மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற ஸ்வீட்லினைத் தேடிப் போய்ப் பைய விஷயத்தைச் சொன்னாள்.



"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ட்டி," என்றாள் அஃப்ரா.

சொல்லாவிட்டால் நாளை பறப்பது நிச்சயம். சொன்னால் சார் நிறுத்தினாலும் நிறுத்துவார். ஆனால் சார்ஜ் இறங்கியிருக்கக்கூடிய பேட்டரியோடு ஒருத்தி தனியாக மேலே போகலாமா? வந்த பஸ்ஸை விட்டுவிட்டு இருவரும் சாரைத் தேடித் திரும்பி நடந்தார்கள்.

சத்தியநேசன் சார் திட்டவில்லை. மீட்டரை எடுத்துவந்து பேட்டரியை அளந்தார். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எப்படி மறந்தாய் என்று கேட்டார். ஜெபம் பண்ணினேன் சார் என்றாள். தானும் பார்க்காமல் இறங்கியது தப்புத்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

"இனிமே ஜெபத்தைத் தரையில இறங்கி வச்சுக்கோ. ஆண்டவர் அங்கனயும் கேப்பாரு. காலையில சீக்கிரம் வந்துரு."

காலையில் செல்ஃப் முதல் திருப்பிலேயே எடுத்தது. பக்கத்து இருக்கை காலியாக இருக்க, அவள் தனியாக மேலேறினாள். கீழே தாமிரபரணி வயல்களுக்கு நடுவே வளைந்து ஏரல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணை மட்டும் மூடவில்லை.

ஓடுபாதையைச் சுத்தமாகத் தொட்டு வந்து நிறுத்தினாள். சாவி, மாஸ்டர் எல்லாம் அணைத்தாள். வால் விளக்கு அணைந்ததா என்று இறங்கிப் போயும் பார்த்துக்கொண்டாள். முதல் தடவை தனியாகப் பறந்து வந்தவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். நிறைந்த வாளியோடு அஃப்ரா தயாராக நின்றாள். ஸ்வீட்லின் இறக்கைக்கடியில் கண்ணை மூடினாள்.

"அஃப்ராவை எனக்குத் தந்தீரே ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

கை வலித்தும் அஃப்ரா வாளியை இறக்காமல் காத்திருந்தாள். ஸ்வீட்லின் ஆமென் சொன்னதும், இவளும் மெதுவாக ஆமீன் சொல்லிவிட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினாள்.